ரோகிணி சொல்லிக்கொடுத்த மூச்சு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் உப்புமாதான். இட்லி மாவு பொங்கி வழிந்தாலும் உப்புமாதான். அமெரிக்காவிலிருந்து பையன் ஆனந்தின் போன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் இட்லித் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், கை கழுவி வருவதற்குள் அவன் அப்பாவிடமே பேசி முடித்து வைத்துவிடுவான்.

உங்கள் எஸ்.ஐ. தெலுங்கில் கேட்டார் சார். எனக்குத் தெலுங்கு ஏ.எஸ்.ராவ் நகர் காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். நீங்கள் “ஹவ், சொல்லுங்கம்மா” என்று, ஆமாவுக்கு ‘ஹவ்’ போடுகிற செகந்திராபாத் தமிழில் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் தண்டபாணி பொள்ளாச்சிக்காரர். இங்கே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்களுக்கு ஆனந்தகுமார் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டர் படித்தான், போனான். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கதையும் இதுதான். வெளியே பெரிய கேட், உள்ளே இரண்டு கிழங்கள். தன் கல்யாணத்துக்கு வந்தவன் அப்புறம் வரவில்லை. ஒரு வருஷம் புராஜெக்ட், ஒரு வருஷம் கிரீன் கார்டு, அடுத்த வருஷம் ஆபீசில் ஆட்குறைப்பு. பேத்தியை கம்ப்யூட்டரில்தான் பார்த்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தால் வீல் என்று கத்தும்.

அழுதேன், கெஞ்சினேன். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்து பார்த்தேன். நான் கோபமாக இருக்கிறேன் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை சார். சோறு இறங்கவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மருமகள் ரோகிணி அங்கே ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிற நோயாளிகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். கெட்டிக்காரி. போனில் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

“மாமா தூங்கறப்ப நெஞ்சப் பாருங்க அத்தை. மூச்சு சின்னதா ஆரம்பிச்சு, கொஞ்சங் கொஞ்சமாப் பெருசாகி, மறுபடி சின்னதாகி, அப்படியே நின்னுரும். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடி ஆரம்பிக்கும். அப்படி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்களுக்குப் போன் பண்ணுங்க, அடுத்த பிளைட்டுல வந்துருவோம்.”

அவள் எத்தனையோ சொன்னாள். என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்.

அதிலிருந்து அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல பெண்டாட்டி என்று பக்கத்து வீட்டு ஜலஜா மெச்சிக்கொண்டாள். அவர் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன். “ஏனுங்க, ஒரு தடவ அந்த மாதிரி மூச்சு விட்டுக் காட்டுங்களேன். பையன் வந்துருவான்.” அவர் நல்ல மனுஷர், ஒத்துக்கொண்டார். சோபாவில் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை போனை அவர் மூக்கருகே பிடித்தேன். ரோகிணி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“எந்திரிச்சு உக்காருங்க மாமா. நடிக்கறவங்க மூச்ச நிறுத்தறதுக்கு முன்னாடி நல்லா ஒரு இழுப்பு இழுத்துக்குவாங்க. நிஜமா வர்றவங்களுக்கு நிக்கப்போறதே தெரியாது.”

அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் நிஜமாகவே வந்தது. ரோகிணி சொன்னபடியே ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆனந்த் டிக்கெட் போட்டான். நான் மாடி அறையைக் கழுவி, புதுப் படுக்கை விரிப்பு போட்டு, அவனுக்குப் பிடிக்கும் என்று அரிசிப் பருப்பு சாதத்துக்கு எல்லாம் எடுத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் இவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார். போனை என் கையிலிருந்து வாங்கி அவரே சொன்னார்: “எனக்கு ஒண்ணுமில்ல சாமி. நீ எதுக்கு வீணா அலையற?”

ஆனந்த் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். அந்த விரிப்பை மடித்து பீரோவில் வைத்தபோது ஒன்று புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இவர் பிழைத்துக்கொள்வார். பிழைத்தால் அவன் வர மாட்டான்.

அவருக்குத் தூக்க மாத்திரை பழக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமை ராத்திரி அதைக் கூட்டிக் கொடுத்தேன். “எதுக்குப் புள்ள இத்தன?” என்றார். “டாக்டர் சொன்னாருங்க” என்றேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். என்னை அவர் என்றைக்குமே சந்தேகப்பட்டதில்லை.

காலையில் போன் வந்ததும் அவர் மூக்கருகே பிடித்தேன். ரோகிணி ஒவ்வொரு மூச்சாக எண்ணுவது கேட்டது.

“இது அது இல்ல அத்தை. ஏறி இறங்கவே மாட்டேங்குது. ஒரே மாதிரி, ரொம்ப மெதுவா, சின்னதா இருக்கு. தூக்க மாத்திரை ஏதாவது சேத்துக் குடுத்தீங்களா?”

“இல்லையே கண்ணு.”

“உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.”

அவளுக்குப் பின்னால் ஆனந்தின் குரல் கேட்டது. “அம்மா, நாங்க கிளம்பறோம்மா” என்று அழுதான். அவன் எனக்காக அப்படி அழுது எத்தனையோ காலமாயிற்று. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று சொன்னேன். நான் கூப்பிடவேயில்லை. லண்டனில் விமானம் மாறும்போது ஆனந்த் பேசினான். “ஐ.சி.யூ.ல வெச்சிருக்காங்க கண்ணு, உள்ள போன் விட மாட்டேங்கறாங்க” என்றேன். அவர் என் பக்கத்தில் கட்டிலில்தான் இருந்தார். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதிலும் கலந்துதான் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து பையனைத் திரும்பிப் போகச் சொல்லிவிடுவாரே. ஜலஜா வந்து கதவைத் தட்டினாள். தூங்குகிறார் என்றேன். அது பொய்யில்லை.

பிறகு மூச்சு வேறு மாதிரி ஆயிற்று. வாய் திறந்து ஒரு இழுப்பு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதை ரோகிணி சொல்லித்தரவில்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது. அப்போதும் நேரம் இருந்தது சார். ஜலஜா வீட்டில் கார் நின்றது, தெருமுனை தாண்டினால் ஆஸ்பத்திரி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் வருகிறவரைக்கும் தாங்குங்கள் என்று கெஞ்சினேன். முருகா முருகா என்று அரற்றினேன். எழுந்து போய் ஜலஜாவைக் கூப்பிட மட்டும் செய்யவில்லை.

அவர் தாங்கவில்லை. விமானம் ஷம்ஷாபாத்தில் இறங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆனந்த் வீட்டுக்குள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு கதறினான். பேத்தி தூக்கக் கலக்கத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டது, கத்தவில்லை. ரோகிணி மட்டும் அவர் அருகில் போய் நின்று பார்த்தாள். மாத்திரைப் பட்டையைப் பார்த்தாள். “எந்த ஐ.சி.யூ. அத்தை?” என்று கேட்டாள். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் வேலையை அவள் சரியாகச் செய்தாள்.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனந்த் பாரடைஸ் பக்கம் ஹோட்டலில் இருக்கிறானாம். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றானாம். பரவாயில்லை, இந்த ஊரில்தானே இருக்கிறான். அவன் முக்கியமான சாட்சி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்துதான் ஆக வேண்டும் என்று உங்கள் பெண் கான்ஸ்டபிள் சொன்னாள். நான் கோர்ட்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் கேஸ் சீக்கிரம் முடிந்துவிடும் என்றும் சொன்னாள். அதனால் உங்களிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன் சார். கோர்ட்டில் இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.