அடியெடுத்துக் கொடுத்தவன்

வெந்நீர் கொடுத்தீர்கள், நன்றி ஐயா. என் தொழிலுக்குத் தொண்டைதான் எல்லாம். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வசனம் மறந்துபோன நடிகனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டால் மானம் போய்விடும். எனக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

என் மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், எங்கள் குழுவின் கதாநாயகன். அப்படியொரு குரல், அப்படியொரு உயரம். மண்டையில் மட்டும் ஒன்றும் தங்காது. "நீங்க அங்க நிக்கும்போது எனக்கென்ன கவலை மச்சான்? உங்க வாய்ல வர்றதுதான் என் வாய்ல வரும்," என்பான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியாகப் போட்ட நாடகம் சூனியக்காரிகளைப் பற்றியது. எந்தக் காலத்துக் கதையோ. ஊரில் மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் யாராவது ஒருத்தியைப் பிடித்து, கையையும் காலையும் கட்டிக் குளத்தில் போடுவார்கள். மிதந்தால் சூனியக்காரி, கொளுத்திவிடலாம். மூழ்கினால் நல்லவள், பிணத்துக்கு மரியாதை செய்யலாம். மாப்பிள்ளைக்கு அந்த ஊர் நீதிபதி வேடம். ஒத்திகையில் அந்த இடம் வந்தால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்புறம் உங்கள் உளவு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பின்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். சிரிப்பு நின்றது.

அவர்களில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "இது பழைய கதையா, இல்ல நம்ம தலைவரைப் பத்தின கதையா? உங்க ஆளுங்கள்ல யாருக்கோ உள்ளுக்குள்ள வேற நெனப்பு இருக்கு. யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. தெரியலைன்னு சொன்னா, அது நீங்கதான்னு நாங்க எடுத்துக்குவோம்," என்றார். நியாயமான பேச்சுதான். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து பாம்புக்காது ஆகிவிட்டது எனக்கு. நான் ஒப்பனை அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றால், என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று நினைப்பேன். நிற்காவிட்டால், எனக்காகப் பேச்சை மாற்றிவிட்டார்கள் என்று நினைப்பேன். மாப்பிள்ளை மட்டும் எப்போதும்போல என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு திரிந்தான். எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்கும்போது இவனுக்கு மட்டும் ஏன் பயமில்லை? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

இருந்தாலும் தங்கை புருஷன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யக் கூடாது. அதனால் ஒரு சோதனை வைத்தேன்.

அரங்கேற்றத்தன்று, தீர்ப்புச் சொல்லும் காட்சி. வழக்கம்போல வசனம் மறந்து நின்றுவிட்டான். ஓரக்கண் என் பக்கம். எழுதியிருந்த வசனம், "இந்த ஊரைப் பிடித்த சூனியம் இந்தப் பெண்தான்." நான் கொடுத்தது, "இந்த நாட்டைப் பிடித்த சூனியம் நம் தலைவர்தான்." விசுவாசம் உள்ளவனாக இருந்தால் நாக்கு நின்றிருக்கும், இல்லையா? இவனுக்கு நிற்கவில்லை. கையை உயர்த்திக் கணீரென்று சொன்னான். சொன்னபிறகுதான் தன் காதிலேயே விழுந்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன்.

நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்கிறீர்களா? நின்றிருந்தால், சோதனை என்று முன்பே தெரிந்து வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? கள்ளன் அல்லவா அவன்?

நீதிபதி அங்கியோடேயே ஏற்றிக்கொண்டு போனீர்கள். மழைக்காலம் முடிந்ததும் உடலைக் கொடுத்தீர்கள். மரியாதையாகத்தான் கொடுத்தீர்கள், குறை சொல்லக் கூடாது.

தங்கை அழவில்லை. "அண்ணே, அவருக்கு ஒரு வரிகூட மனசுல நிக்காதே. அந்த வரியை யாரு குடுத்தது?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை ஐயா, அடியெடுத்துத்தான் கொடுத்தேன். இத்தனை வருடம் நாடகக்காரர்களோடு குடித்தனம் செய்தவளுக்கு இந்த வித்தியாசம்கூடவா தெரியாது?

புருஷனைப் பறிகொடுத்தவள் அழாமல் இருந்தால் அதற்கு என்ன பொருள்? அழுதிருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும், அது வேறு விஷயம். அவள் அழாததைச் சொல்லிவிட்டுப் போகத்தான் நானாகவே இங்கு வந்தேன்.

இப்போது வீட்டில்தான் இருப்பாள். எனக்குச் சாப்பாடு எடுத்து மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கதவை உடைக்க வேண்டாம் ஐயா. மெதுவாகத் தட்டுங்கள், போதும். நான்தான் என்று நினைத்துத் திறந்துவிடுவாள்.