சுட்ட சந்தனம்

பதுளை ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு துரையின் கார் டிரைவர் துண்டைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நமுனுகுலத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா.

"சாமிக்கு வச்ச சந்தனம் சுடுமாக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

"அது எப்படிப்பா சுடும்?"

"ஆயுத பூசைக்குக் காரைக் கழுவி, பேட்டரியில கம்பி மாட்டுற ரெண்டு முளையிலயும் சந்தனத்தை அப்பி, மேல கம்பியை மாட்டிட்டேன். மறுநாள் வெளக்கு எரியல. வண்டி ஓட ஓட பேட்டரிக்கு மின்சாரம் ஏறணும். அதைக் காட்டுற முள்ளு அசையவே இல்ல. துரை வேற ஆள் பாக்குறேன்னுட்டாரு."

"ஐயையோ!"

"டைனமோவைப் பிரிச்சுப் பாத்தேன், பழுதில்ல. கடைசியில கம்பியைக் கழட்டுனா, நடுவுல சந்தனம் காஞ்சு கெட்டியா நிக்குது. அதைத் தாண்டி மின்சாரம் போகாதுக்கா. சுரண்டிட்டு, கைப்பிடியைச் சுத்தி எஞ்சினைக் கெளப்புனேன். முள்ளு மெல்ல எழுந்து நின்னுச்சு. பட்டப்பகல்ல வெளக்கு கண்ணு கூசுது. எனக்கு ஒடம்பே சிலுத்துருச்சு."

"இம்புட்டூண்டு சந்தனமா அம்புட்டையும் மறிச்சுச்சு!"

"அதைக் கீழ போட மனசு வரல. நெத்தியில வச்சுக்கிட்டேன். பேட்டரித் திராவகம் அதுல ஊறியிருந்தது தெரியல."

துண்டை உயர்த்திக் காட்டினார். நெற்றி நடுவில் பொட்டளவு தோல் வெந்து சிவந்திருந்தது.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுக்குப் போயி மருந்து போடலாமாய்யா?"