சாமியார் கல்லறைக்குள் இருந்தவர்கள்

என் பெயர் ஜெயமணி, வயது 41, த/பெ எத்திராஜ். உத்திரமேரூர் வட்டம், மானாம்பதியை அடுத்த கல்லேரி கிராமம், பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்து கொத்தனார் வேலை செய்து வருகிறேன். யாரும் வற்புறுத்தாமல் நானாகவே இன்று காவல் நிலையம் வந்து கூறுவதாவது:

எங்கள் ஊர் ஏரிக்கரையில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரின் பழைய கல்லறை உள்ளது. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு வந்தவர், அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரர்களுடன் நடந்த சண்டையில் இறந்தவர் என்பார்கள். ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்த பாக்கியமேரி என்பவர் அதைப் பெருக்கி மெழுகுவத்தி ஏற்றி வருகிறார். எங்கள் பெருமாள் கோயிலைப் பீரங்கியால் இடிக்க வழி காட்டியவரே இந்தச் சாமியார்தான் என்று இரண்டு மாதமாகச் செல்போனில் செய்தி சுற்றியது. ஊர்க்காரர் பாண்டுரங்கன் அதைப் படித்துக் காட்டினார். நான் நம்பினேன்.

14.07.2024 ஞாயிறு காலை பத்து மணியளவில் பாண்டுரங்கனும் மேலும் ஆறு பேரும் கல்லறையை உடைக்க என்னை அங்கே அழைத்துச் சென்றார்கள். அங்கே இருந்த பாக்கியமேரி என் சம்மட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் உதறியதில் கீழே விழுந்தார். அதன் பிறகு மேல்கல்லை நான் அடித்து உடைத்து, கடப்பாரையால் நெம்பி, எல்லோருமாகப் புரட்டினோம்.

உள்ளே பெரிய எலும்புக்கூடு ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. அதன் கைகளுக்குள்ளும் முதுகுப் பக்கமும் சின்னச் சின்ன மண்டை ஓடுகள் இருந்தன. ஏழு எண்ணினேன். ஒன்று தேங்காய் அளவுகூட இல்லை. பெரியவர் நெஞ்செலும்புக்குள் ஈயக் குண்டு கிடந்தது. சுட்டது யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு குழந்தையின் கழுத்தருகே சங்கு சக்கரம் போட்ட செப்புத் தாயத்து கிடந்தது. என் மகள் அபிநயாவுக்கு முடி இறக்கியபோது அதே போன்றதைத்தான் கட்டினோம்.

மற்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். முழங்கையில் ரத்தம் ஒழுக பாக்கியமேரி வந்து உள்ளே பார்த்தார். "இத்தினி வருசமா சாமியாரு ஒண்டியா கீறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன் நைனா. உன் துண்டக் குடு, புள்ளைங்கள மூடணும்" என்றார். துண்டு போதவில்லை. அதன் பிறகு சட்டையையும் கழற்றிக் கொடுத்தேன்.

மாலையில் பாண்டுரங்கன் போன் செய்து, கல்லறை முன்பே உடைந்து கிடந்ததாகச் சொல்லச் சொன்னார். அது பொய். அந்தக் கல்லில் விரிசல்கூட இல்லை. உடைத்தது நான்தான்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) எ. ஜெயமணி