விதி பதினான்கு

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொதுக்குழு என்றால் முதலில் காபி, பிறகுதான் அறிக்கை. காபி தாமதமானால் வரவு செலவில் இல்லாத ஓட்டையெல்லாம் உறுப்பினர்கள் கண்ணில் பட ஆரம்பித்துவிடும்.

சத்யப்ரியா, நீங்கள் இதை இன்ஸ்பெக்டருக்கு வங்காளத்தில் சொல்லும்போது எதையும் சுருக்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் செயலாளராக மினிட்ஸ் எழுதியவன் நான். எதைச் சுருக்கினால் என்ன மறைந்துபோகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்கத்தா பாலிகஞ்சில் இருக்கும் எங்கள் சங்கக் கட்டடம் பழையது. மூன்றாவது மாடியில் கூட்ட அறை, அதை ஒட்டி ஒரு பால்கனி. சென்ற மாதம் பார்க்க வந்த பொறியாளர், தாங்கும் இரும்பெல்லாம் துருப்பிடித்துப் போய்விட்டது, ஒரு ஆள்கூட அதில் நிற்கக் கூடாது என்றார். அன்றே அந்தக் கதவில் அறிவிப்பு எழுதி ஒட்டினேன். ‘பால்கனி இடியும் நிலையில் உள்ளது. யாரும் கால் வைக்க வேண்டாம்.’ முத்து முத்தான எழுத்து, நீங்களே பார்த்தீர்கள்.

ஏன் தமிழில் மட்டும் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார். சங்க விதி பதினான்கு அப்படித்தான் சொல்கிறது: அறிவிப்புகள் தமிழில் மட்டுமே. பொறியாளரோடு வந்த கொத்தனார் அதே கதவில் சாக்பீஸால் ‘பிபத்’, அதாவது ஆபத்து, என்று வங்காளத்தில் எழுதி வைத்திருந்தார். பொதுக்குழு அன்று காலையில் அதைத் துடைத்தது நான்தான். விதிக்கு விரோதமாக இருந்தது, துடைத்தேன். தாழ்ப்பாளில் அவர் சுற்றியிருந்த கம்பியையும் எடுத்துவிட்டேன். நாலு பேர் வருகிற இடத்தில் பார்க்க அசிங்கமாக இருந்தது.

ரஞ்சன் மேல் எனக்கு என்ன விரோதம் என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் தமிழ் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவன் தீர்மானம் கொண்டுவந்தான்: விதி பதினான்கை எடுத்துவிட்டு மினிட்ஸ், கணக்கு, அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்தில், தகவல் பரிமாற்றமெல்லாம் வாட்ஸாப்பில். கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவி போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த நோட்டீஸ் போர்டு ஒன்றுதான். உறுப்பினர்களிடம் ஜாடைமாடையாக விசாரித்ததில் முக்கால்வாசிப் பேர் அவன் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

அன்று கணக்கு நிறைவேறியது. அடுத்தது அவனுடைய தீர்மானம். அதற்குள் அவனுக்குப் போன் வந்தது. போன் வந்தால் அவன் பால்கனிக்குத்தான் போவான், அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாம் விதிப்படிதான். ஆனால் முன்வரிசையில் இருந்த ஜகதாம்பாள் மாமி காதில் ஏதோ விழுந்ததாகச் சொல்கிறீர்கள். அவர் அரைகுறையாகச் சொல்வதைவிட நானே முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

என் மேஜை அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான். ரஞ்சன் கதவருகே நின்று காகிதத்தைப் பார்த்தான்.

“மாமா, இதுல என்ன எழுதியிருக்கேள்?”

“பால்கனியை அலம்பி விட்டிருக்கு. ஷூவைக் கழட்டிட்டுப் போகணும்னு போட்டிருக்கேன்.”

“ஓ, சரி மாமா.”

குனிந்து நாடாவை அவிழ்த்தான். ஒரு காலில் முடிச்சு விழுந்திருந்தது, கொஞ்ச நேரம் பிடித்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஷூவையும் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனான்.

பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பையன். அவனுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது பெற்றவர்களின் தவறு என்பதையும் இதிலேயே சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.