தட்டுறவங்கதான் வெட்டணும்

கையெழுத்துதானே, போடறேன் தம்பி. போடாம எங்க ஓடிடப் போறேன்? அந்த மிஷினக் கொஞ்சம் மேஜை மேல வைங்க. விரலாலயா போடணும்? விரலால போட்டா என் பேரு எனக்கே புரியாது, உங்க ஆபீசுக்கு எப்படிப் புரியும்? உக்காந்து நிதானமாப் போடறேன். உள்ள வாங்க. ஷூவெல்லாம் கழட்ட வேண்டாம், இன்னைக்கு மட்டும் சட்டம் கிடையாது.

தமிழ்னு எப்படிக் கண்டுபிடிச்சேனா? லிப்ட்லேருந்து வெளிய வரும்போதே போன்ல யாரையோ மாத்திரை போட்டியா, போட்டியான்னு திட்டிக்கிட்டே வந்தீங்களே. அக்கறையத் திட்டுல கலந்து குடுக்கறது நம்ம ஆளுங்கதான். வீட்டம்மாவா? ஓ, அம்மாவா. போட்டாங்களா கடைசில? போடல. போட்டேன்னு பொய் சொல்லியிருப்பாங்க. எங்கம்மாவும் அப்படித்தான்.

அங்க பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருக்காரே, அவரு எங்க வீட்டுக்காரர். அரை மணி நேரமா ஒரே பக்கம். இன்னைக்கு எந்தப் பக்கமும் சாயறதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு. நீங்க அவரக் கண்டுக்க வேண்டாம்.

பார்சல்ல என்னன்னு உங்களுக்கே தெரியும், மேலயே எழுதியிருக்கு. கத்தி. அதனாலதான் நீங்க என் கையில குடுத்து, முகத்தப் பாத்து, வயசு சரியான்னு கேக்கணும். கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. மத்த சாமானெல்லாம் வாசல்ல வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடிடறாங்க. தலையணை வாங்கிப் பாத்தேன், தட்டல. பூந்தொட்டி வாங்கிப் பாத்தேன், தட்டல. அப்புறம்தான் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சேன், இந்த ஊர்ல கத்தி வாங்கினாத்தான் மனுஷன் கதவத் தட்டுவான்.

ஆமா, வருஷா வருஷம் வாங்கறேன். அந்த டிராயரத் திறந்து பாக்கறீங்களா? பூரா கத்தி. போலீஸ் வந்தா நான் கண்ணாடிக்கடையில கண்ணு டெஸ்ட் பண்றவள்னு சொன்னா நம்பவே மாட்டாங்க.

பயப்படாதீங்க தம்பி! நீங்க ஏன் கதவுப் பக்கம் நகர்றீங்க? சரி, தப்பு என் மேலதான், முதல்லேருந்து சொல்லியிருக்கணும். நாளைக்கு கிறிஸ்துமஸ். எங்க வீட்ல அதுக்கு முந்தின நாள் சாயங்காலமே கேக் வெட்டிடுவோம். அதோ இருக்கு பாருங்க, மேஜை நடுவுல, நானே செஞ்சது. ஆனா அத நாங்க வெட்டக்கூடாது. வீட்டாளுங்க யாருமே கத்தியத் தொடக்கூடாது. அன்னைக்கு யாரு முதல்ல வந்து கதவத் தட்டறாங்களோ, அவங்கதான் வெட்டணும். எங்கப்பா போட்ட சட்டம்.

ஏன்னு கேட்டா பிரசங்கமே பண்ணுவாரு. பிறந்தநாள் யாருக்கு? நமக்கில்ல. அவரப் பெத்தவங்க ராத்திரி கதவு கதவாத் தட்டி இடம் கேட்டாங்க, ஒருத்தனும் உள்ள விடல. அதனால இன்னைக்கு யாரு தட்டினாலும் அவங்க கையிலதான் கத்தின்னு சொல்லுவாரு. கேக்க எவ்வளவு அழகா இருக்கு? நானும் ரொம்ப நாள் கண் கலங்கியிருக்கேன். அப்புறம் அம்மா ஒருநாள் உண்மையப் போட்டு உடைச்சாங்க. கல்யாணமான வருஷம் அவங்க செஞ்ச முதல் கேக்கு செங்கல் மாதிரி ஆயிடுச்சாம். அப்பாவால வெட்ட முடியல. கரண்ட் மீட்டர் பாக்க வந்தவருக்கு நல்ல தாட்டியான உடம்பு, அவரு ஒரே அமுக்கு. அவ்வளவுதான். சட்டம் வந்தது அன்னைக்கு, விளக்கம் வந்தது அடுத்த வருஷம். உலகத்துல பாதிச் சட்டம் அப்படித்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

வண்டியா? அது நின்னா நிக்கட்டும். பின்னாடி ஒரு சிவப்புக் கார் மாட்டிக்கிச்சா? தெரியும், ஜன்னல்லேருந்து பாத்தேன். அது ஹாரன் அடிக்காது. அடிக்காதுன்னா அடிக்காது தம்பி, நான் உத்தரவாதம்.

யார் யாரெல்லாம் வெட்டியிருக்காங்க தெரியுமா? போஸ்ட்மேன் வெட்டியிருக்காரு. பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வெட்டியிருக்காரு, பொண்ணு பாக்கப் போற வழியில, சட்டையெல்லாம் தூளு. ஒரு தடவ போலீஸ்காரரு. எதுத்த வீட்டு சைக்கிள் காணாமப் போனத விசாரிக்க வந்தவரு. கேக்க வெட்டிட்டு, இதுக்கும் அந்த சைக்கிளுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டான்னு கேட்டாரு. அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு ஒரு துண்டு பொட்டலம் கட்டச் சொன்னாரு.

ஒரு வருஷம் யாருமே வரல. சாயங்காலமாச்சு, விளக்கும் வச்சாச்சு. நானும் என் தங்கச்சியும் கேக்குக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, மூக்கால சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். கடைசில டங்குன்னு கேட்ல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா, ஒரு மாடு. கொம்பால இடிச்சிருக்கு. அம்மா சொல்றாங்க, அன்னைக்குத் தொழுவத்துல பிறந்த பிள்ளைய முதல்ல பக்கத்துல நின்னு பாத்ததே மாடுதான், அதுக்கு இல்லாத உரிமையான்னு. அப்பா பெரிய நீதிபதி மாதிரி யோசிச்சிட்டு, உரிமை இருக்கு, கைதான் இல்லன்னுட்டாரு. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போக வந்தவருதான் வெட்டினாரு. மாட்டுக்கும் ஒரு துண்டு.

இன்னொரு கிளைச் சட்டமும் உண்டு. சொந்தக்காரங்க வந்தா என்ன பண்றதுன்னு ஒரு தகராறு வந்துச்சு. எங்க சித்தப்பா அடிக்கடி வருவாரு. அவரு வெளியாளா, உள்ளாளா? அப்பா ஒரே வரியில முடிச்சாரு. தட்டிட்டு நின்னா வெளியாளு. தட்டாம உள்ள வந்தா வீட்டாளு. சித்தப்பாவுக்கு ரோஷம் வந்து, அதுக்கப்புறம் எங்க வீட்டுக் கதவ அவரு ஜென்மத்துக்கும் தட்டல. ஒருநாள் அம்மா குளிச்சிட்டு வர்ற நேரத்துல சமையல்கட்டுல நின்னுக்கிட்டு இருந்தாரு. அது வேற கதை.

சுகரா? அடடா. உங்கள வெட்டத்தான சொன்னேன், யாரு திங்கச் சொன்னா? சரி, வீட்டுக்குக் கட்டித் தரேன். அம்மாவுக்கும் சுகரா? அப்ப வண்டியில வச்சு மோந்து பாத்துக்கிட்டே போங்க.

இன்னும் எத்தன பார்சல் இருக்கு? ஐயையோ. சரி, சீக்கிரம் விட்டுடறேன். இல்ல, இந்தத் தட்டு வேண்டாம், அதத் தொடாதீங்க! கேக்குதான். ஆனா அது போன வருஷத்துது. ஆமா, போன வருஷம். பிரீசர்ல இருந்துச்சு, இப்பதான் வெளிய எடுத்து வச்சேன். கெடாது, உலர்ந்த பழம் போட்டது, என்னை விட நல்லா இருக்கும். இவரு மூணு தடவ குப்பையில போடப் பாத்தாரு. அதான் பேப்பர் ஆடுது பாருங்க.

அது என்னோட துண்டு. போன வருஷம் நான் சாப்பிடல.

என்னாச்சுன்னா, போன வருஷம் உங்க கம்பெனி ஆளு வரல. தங்கச்சி குடும்பத்தோட வந்திருந்தா. அவளும் இந்த நாட்லதான் இருக்கா, காருல நாலு மணி நேரம். நாங்க ரெண்டு பேரும் இங்க வந்ததுலேருந்து ஒரு கிறிஸ்துமஸ் விட்டதில்ல. அவ பிள்ளைங்க ரெண்டும் பசியில அழுதுங்க. நான் சொல்றேன், இரு, இப்ப வந்துடுவான், ரூட்ல இருக்கான்னு போன்ல காட்டுது. அவ எழுந்தா, டிராயர்லேருந்து ஒரு கத்திய எடுத்தா, அக்கா, நான் கல்யாணமாகி வேற வீட்டுக்குப் போனவ, என் பேரே மாறிப் போச்சு, நானே வெளியாளுதான்னு சொல்லி ஒரே வெட்டு.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு என் துண்ட மூடி உள்ள வச்சிட்டேன். அவ ஒரு கண்ணு என் தட்டு மேலயே வச்சிருந்தா.

சின்ன விஷயந்தான் தம்பி, ஒத்துக்கிறேன். நீங்க சிரிக்கிறது நியாயந்தான். என் கடைக்கு அவ கண்ணு டெஸ்ட்டுக்கு வந்தா, ஒண்ணு தெளிவா இருக்கா ரெண்டு தெளிவா இருக்கான்னு கேப்பேன். ரெண்டும் ஒண்ணுதான்க்கா, ஏதாச்சும் ஒண்ணு போடும்பா. அவ அந்த ரகம். எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. வேற எதச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். வெளியாளுன்னு சொல்லிட்டா. போறப்ப வாசல்ல நின்னு, நான் வெட்டினது உனக்குத் தொண்டையில இறங்கல இல்லன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள லிப்ட் கதவு மூடிடுச்சு. இந்த லிப்ட்டும் மத்த நாள்ல எல்லாம் மூடாம நின்னு உயிர வாங்கும்.

அதுலேருந்து ரெண்டு பேரும் பேசறதில்ல. அம்மாதான் ஊர்லேருந்து ரெண்டு போனையும் பாத்துக்கிறாங்க. இவ சொன்னத அவகிட்ட, அவ சொன்னத இவகிட்ட. நடுவுல காரம் உப்பு எல்லாம் அவங்க இஷ்டம்.

சரி விடுங்க, அதெல்லாம் இப்ப எதுக்கு? பார்சலப் பிரிங்க. அட, நீங்களே பிரிங்க, நான் தொடக்கூடாதே. நல்லா பளபளன்னு இருக்கு. சட்டைக்குள்ள குளவி நுழைஞ்ச மாதிரி ஏன் உடம்பச் சுருக்கிக்கிறீங்க? கேக்கு தம்பி, கடிக்காது. நடுவுல வைங்க. கையுறைய மட்டும் கழட்டிடுங்க, ஊரெல்லாம் பெட்டி தூக்கின கை. ம். அமுக்குங்க. இன்னும் அமுக்குங்க. எங்கம்மா கைப்பக்குவம் அப்படியே எனக்கு வந்திருக்கு.

ஆங்! இறங்கிடுச்சு. என்னங்க, பாத்தீங்களா, வெட்டியாச்சு! தலைய ஆட்டறாரு. அது அவருக்குப் பெரிய பாராட்டு.

தம்பி, இன்னும் ஒரே ஒரு உதவி. அந்தத் துண்டத் தட்டுல வச்சு, இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. கொஞ்சம் முன்னாடி நில்லுங்க. தட்ட நல்லா உசத்திப் பிடிங்க. கீழேருந்து தெரியணும். அந்த சிவப்புக் காருக்கு.

ஆமா. அது என் தங்கச்சி கார்தான். மத்தியானத்துலேருந்து அங்கயேதான் நிக்குது. பிள்ளைங்க பின் சீட்டுல தூங்கியே போச்சுங்க.

ஏன் மேல வரலையா? எப்படி வருவா? முதல்ல வந்து தட்டினா அவதான வெட்டணும். மறுபடியும் வெளியாளு ஆயிடுவா. அதுக்குத்தான் வேற யாராவது ஒரு ஆளு முந்திக்கட்டும்னு உக்காந்திருக்கா. அம்மா சொன்னாங்க. அம்மா சொன்னதுல உப்பு காரத்தக் கழிச்சாலும் இவ்வளவு மிச்சம் வருது. அதனாலதான் உங்க வண்டி குறுக்க நின்னும் ஹாரன் வரல. உங்களப் பாத்ததும் அவளுக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும்!

நான் இறங்கிப் போய்க் கூப்பிடலாமா? கூப்பிட்டா வருவா தம்பி. ஆனா கூப்பிட்டு வந்தா விருந்தாளி. அது வேணும்னா நான் ஏன் வருஷம் பூரா இந்தத் துண்டக் காப்பாத்தறேன்? அவ வெட்டினது எனக்குத் தொண்டையில இறங்கும்னு அவ கண்ணால பாக்கணும். அதுக்குத்தான் வெளிய எடுத்து வச்சிருக்கேன்.

பாத்துட்டா. பாத்துட்டா, கார் கதவு திறக்குது. கைய இறக்கிக்கோங்க, பாவம், வலிக்கும். ஒரு பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டா, இன்னொண்ண இழுத்துக்கிட்டு வரா. ஸ்வெட்டர் போடல பாருங்க அதுக்கு, எத்தன தடவ சொல்றது.

மிஷினக் குடுங்க, கையெழுத்து போடறேன். சொன்னேன்ல, நிதானமாப் போடுவேன்னு. நிதானமாத்தான் போடறேன். என்னங்க, அந்தப் பேப்பரக் கீழ வைங்க, போதும்.

லிப்ட் வந்துடுச்சு.

இருங்க தம்பி, போகாதீங்க, ஒரு நிமிஷம். கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தாழ் போடல. பேசாதீங்க. செருப்புச் சத்தம் கேக்குதா? நின்னுட்டா. வாசல்ல நின்னுட்டா. எதுக்கு நிக்கிறா? தட்டாதடி. தட்டித் தொலைக்காத.

கைப்பிடி ஆடுது.

பாத்தீங்களா தம்பி. தட்டல.