தெருவுக்கே ஒரே அடுப்பு

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். படவேட்டு அம்மனைக் கும்பிடப் போன நாளில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் கேட்டது. மில் மூடிப்போன பட்டணத்துக்காரர் ஒருவர், மலையிலிருக்கும் மச்சான் கொடுத்த சாமைப் பையை மடியில் வைத்திருந்தார்; சந்தைக்கு இறங்கும் அந்த மச்சானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“லாபம் இல்லன்னா மொதலாளி பூட்டிடுவானா? சர்க்காரே எடுத்து நடத்தணும் மச்சான்.”

“எங்க காட்ட சர்க்கார்தான் எடுத்துச்சு. இப்ப கடுக்கா பொறுக்கவே கேட்டுகினு நிக்கிறோம்.”

“அப்ப இன்னாதான் செய்றது?”

“அக்காவ கூட்டிகினு மலைக்கே வந்துடுங்க மாமா. அதுவரைக்கும் இந்தச் சாமை உங்க வூட்டுக்குத் தாங்கும்.”

“எங்க தாங்கும்? மில் மூடுனதுலேர்ந்து எங்க தெருவுக்கே ஒரே அடுப்பு, எல்லாருக்கும் ஒண்ணாத்தான் பொங்குறோம்.”

மச்சான், சந்தையில் விற்க எடுத்துவந்த தன் சாமை மூட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இத்தையும் எடுத்துக்குங்க. சர்க்காரோ மொதலாளியோ வர்ற வரைக்கும் தெரு துன்னட்டும்.”

யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.