இன்னும் நூற்றுப் பதினாலு கிலோமீட்டர்

"ஹலோ... அண்ணி, வச்சிடாதீங்க. ஒரே ஒரு விஷயம். ஃபிட்டர் அண்ணனுக்குக் காது கேட்டுச்சு... ஆமா, கேட்டுச்சு. கடைசி ஒரு மாசம், உங்களுக்கும் எனக்கும் கேக்குறதவிட நல்லாவே கேட்டுச்சு."

சொன்னவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பத்துநாலு வருஷம் ஒரே டிப்போ. அங்கே அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைவிடப் புளுகுமூட்டை என்ற பெயர்தான் நிலைத்தது. ஒரு பயணி குடையை மறந்து இறங்கினார் என்றால், அந்தச் செய்தி டிரைவர் வாய்க்குள் புகுந்து வெளியே வரும்போது குடைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்திருக்கும். மறுமுனையில் இருந்தவர் அதே டிப்போவில் வேலை பார்த்த இன்ஜின் ஃபிட்டரின் மனைவி. ஃபிட்டர் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஃபிட்டருக்குக் காது கேட்காது என்பதற்கு டாக்டரே சாட்சி. நாற்பது வருஷம் இன்ஜின்கள் தின்ற காது, கடைசி ஐந்து வருஷமாக இடி விழுந்தாலும் திரும்பாது.

"...ஐயோ, கேலி பண்ணுவேனா அண்ணி? ... ஆமா, நான் புளுகன்தான்... ஆமா ஆமா, ஊருக்கே தெரியும்... திட்டுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க. ஃபோன மட்டும் வச்சிடாதீங்க."

இது பன்னிரண்டாவது முயற்சி. முந்தைய பதினொன்றிலும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கொட்டகையில், உறை போட்டு மூடிய காருக்குள், டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தார். இருபது நாளாக அதன் சாவியைத் திருப்பவில்லை. இந்தக் கார்தான் தன் கணவரை உலுக்கி உலுக்கிக் கொன்றது என்று அண்ணி நம்புகிறார் என்பதும், துக்க வீட்டில் தன்னைக் கண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதும் டிரைவரின் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்தன.

"...கேக்குறீங்க, சொல்றேன். எதுக்கு இந்த வயசுல இப்படி ஒரு கார்? அண்ணி, முப்பத்துநாலு வருஷம் என் பஸ்ஸுல வேகப்பூட்டு. அறுபதுக்கு மேல மிதிச்சா அழுமே ஒழிய ஓடாது. நத்தை என்னப் பாத்து ஹாரன் அடிச்சிருக்கு... சரி, அடிக்கல. அதான், ஓய்வு பெத்ததும் இருக்குறதுலயே வேகமான வண்டியா ஒண்ணு எடுத்தேன். கடையில அந்தப் பொண்ணு, பேரனுக்கான்னு கேட்டுச்சு. இல்லம்மா, எங்க தாத்தாவுக்குன்னேன்... சிரிக்க வேண்டாம் அண்ணி. கேட்டாப் போதும்."

முந்நூறு குதிரை சக்தி, இரண்டே கதவு, குனிந்து வளைந்து பாதி யோகாசனம் செய்துதான் உள்ளே போக வேண்டும். அதை எடுத்த அன்றே டிரைவர் நேராக ஃபிட்டர் வீட்டு வாசலில் நிறுத்தினார். காது போனதிலிருந்து ஃபிட்டர் வாசல் தாண்டியதில்லை. யார் வந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தவர், எழுந்து வந்து, ஓடிக்கொண்டிருந்த காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டார்.

"நீங்கதான் பாத்தீங்களே, அடுப்படி ஜன்னல்லேர்ந்து... நான் இழுத்துட்டுப் போகல அண்ணி. சத்தியமா இல்ல. அடுத்த நாள் ஆறு மணிக்கு நான் வர்றதுக்குள்ள அவரு வாசல் கேட்டுல நிக்கிறாரு."

ஃபிட்டர் வகுத்ததுதான் சட்டம். புது இன்ஜினை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை பழக்க வேண்டும். உள்ளே உலோகமும் உலோகமும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும் காலம் அது. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். மிதியை முழுசாக அழுத்துவது என்ற பேச்சே கூடாது. கார்க் கம்பெனி புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, ஆனால் டிரைவர் புத்தகத்தைப் படித்தவரில்லை. ஃபிட்டர் விரல் விட்டுச் சொன்னார், இவர் கேட்டுக்கொண்டார். பறப்பதற்கென்றே பிறந்த வண்டியை ஒரு தண்ணீர் லாரி முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தது என்றுகூட டிரைவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"...காது எப்படிக் கேட்டுச்சா? கையால அண்ணி. உள்ளங்கையால. முன்னாடி பலகையில கைய வச்சாருன்னா போதும். நான் முள்ளுக்கு மேல கைக்குட்டையப் போட்டு மூடிடுவேன். ஓட்டுவேன். அவரு கண்ண மூடிக்கிட்டு, 'ரெண்டாயிரத்து இருநூறு'ம்பாரு. கைக்குட்டைய எடுத்தா, முள்ளு மயிரிழை தப்பாம அங்க நிக்கும். ரோட்டுல எறும்பு குறுக்க போனாக்கூட அவரு கைக்குத் தெரிஞ்சுது..."

மறுமுனையில் என்ன வந்ததோ, டிரைவரின் குரல் இறங்கியது.

"...சரி. எறும்பு இல்ல... ஆமா, அதுவும் இல்ல. எதுவும் குறுக்க போகல."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஊதிய எதையும் திரும்பச் சுருக்கியது கிடையாது. சொன்ன எண்ணிக்கை கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கூடுமே தவிர, குறைந்த சரித்திரம் இல்லை. இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார்.

"மயிரிழைன்னு சொன்னதும் பொய்தான். நூறு, நூத்தம்பது முன்னப் பின்ன இருக்கும்... எல்லாத் தடவையும் சரியாச் சொல்லல. பத்துக்கு ஆறு. கரடுமுரடான ரோடுன்னா அதுவும் இல்ல... ஆமா, பத்துக்கு ஆறுதான். அண்ணி, பொய் சொல்றவன் ஆறுன்னா சொல்லுவான்? பன்னெண்டுன்னு சொல்லியிருப்பேன்."

டிரைவர் தன்னையறியாமல் பக்கத்து சீட்டைப் பார்த்தார். பேச்சே இல்லாமல் போயிருந்த மனிதர் அதில் உட்கார்ந்து பேசினார் என்று அண்ணியிடம் சொன்னார். ஃபிட்டர் பழைய பஸ்களை நம்பர் நம்பராக நினைவுபடுத்தியதையும், எந்த பஸ்ஸுக்கு எந்தச் சளி, எந்த பஸ்ஸுக்கு எந்த முட்டிவலி என்று வைத்தியர் மாதிரி அடுக்கியதையும், டிரைவர் கியர் மாற்றியதைப் பார்த்து மாவாட்டுகிறாயா என்று கேட்டதையும் சொன்னார். இதில் எதையும் கூட்டவில்லை. கூட்டத் தோன்றவில்லை.

"...இருக்கேன். இருக்கேன் அண்ணி... இன்னொண்ணு இருக்கு. அதச் சொல்லத்தான் பன்னெண்டு தடவ அடிச்சேன்.

"கடைசியா நாங்க போனது செவ்வாய்க்கிழமை. நேர் ரோடு. முன்னாடி பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. இது நெசமாவே இல்ல. அண்ணன் பலகைய ரெண்டு தடவ தட்டினாரு. 'ஒருதடவ முழுசா அழுத்துடா'ன்னாரு... ம். அவரே. அவரு போட்ட சட்டம்தான். நான் மீட்டரக் காட்டினேன். ஆயிரத்து முந்நூத்து எண்பத்தாறு. இன்னும் நூத்திப் பதினாலு கிலோமீட்டர் இருக்குன்னு விரல் விட்டுக் காட்டினேன். பெரிய வாத்தியாராட்டம். அவரு சிரிச்சாரு. 'நான் சொல்லிக் குடுத்தத எனக்கே திருப்பிச் சொல்றியா'ன்னாரு. அதுக்கப்புறம் கேக்கல. கைய மட்டும் எடுக்கல, வீடு வர்ற வரைக்கும்.

"சனிக்கிழமை போயிட்டாரு."

டிரைவர் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஃபோன் காதோடு ஒட்டிக்கொண்டு வியர்த்தது.

"...இல்ல அண்ணி, ஒண்ணும் ஆகியிருக்காது. ஒருதடவ அழுத்தினா ஒண்ணும் ஆகாது. ஆனாத்தான் என்ன? இன்ஜின இறக்கிச் சரி பண்ணிக்கலாம். அது இரும்புதானே... முந்நூறு குதிரையும் அவரு கைக்குள்ள வந்திருக்கும். ஒருதடவ. நான் குடுக்கல. அவரு கேட்டதே என்கிட்ட அது ஒண்ணுதான்... ம்... ம்... நான் அழல. சளி."

அப்புறம் அண்ணி பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். டிரைவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"...ம்... எப்ப? ... வியாழக்கிழமையா. சரி... ஆமா... பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க... ம்... அழுதுக்கிட்டா? எதுக்கு அண்ணி? ... அவரு உடம்பு இனி தாங்காதுன்னு டாக்டர் சொன்னத நெனச்சு... ம்... ஆமா, அவருக்குத்தான் காது கேக்காதேன்னு வாய்விட்டே அழுவீங்க. முதுகக் காட்டி நின்னுக்கிட்டு... அஞ்சு வருஷமாவா? ... எனக்குத் தெரியாது அண்ணி. யாருக்குமே தெரியாது."

அவர் வேறு யாரோ உள்ளே வந்துவிட்டதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"...பின்னாடி வந்தாரா? ... எங்க வச்சாரு? ... நடு முதுகுலயா. உள்ளங்கைய விரிச்சா, மடக்கியா? ... விரிச்சு... ம்... எவ்வளவு நேரம்? ... ஒண்ணுமே பேசாம... ம்... அப்புறம்?

"...என்ன சொன்னாரு?

"...மூவாயிரத்து எண்ணூறா?

"அண்ணி, இருங்க. அவரு சொன்னபடியே சொல்லுங்க. எதையும் விடாதீங்க... 'மூவாயிரத்து எண்ணூறு. கால எடு.' ... ஆமா... ஆமா... நீங்க குனிஞ்சு உங்க காலப் பாத்தீங்களா... ஐயோ. எந்தக் கால்னு கேட்டீங்களா. ஐயோ அண்ணி... இல்ல, புத்தி தடுமாறல. கொஞ்சங்கூடத் தடுமாறல. சுத்து ஏறிப்போச்சு, வேகத்தக் கொறைன்னு அர்த்தம். முள்ளு நாலாயிரத்துக்கிட்ட வந்தா என்கிட்ட அப்படித்தான் சொல்லுவாரு. கைய எடுக்காம, கண்ணத் தொறக்காம... நான் இத உங்ககிட்ட எப்பச் சொன்னேன்? சொல்லவே இல்லையே. இன்னிக்குத்தானே நீங்க ஃபோனையே எடுத்தீங்க...

"...அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க? ... கைய எடுத்தாரா? ... இல்லையா... ம்... அழுக நிக்கிற வரைக்குமா? ... ம்...

"...அழுங்க அண்ணி. நான் இருக்கேன்."

டிரைவர் காத்திருந்தார். கொட்டகைக் கூரையில் ஒரு புறா நடை பழகிக்கொண்டிருந்தது. மறுமுனையில் தண்ணீர் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் அதையே அருவி என்று சொல்லியிருப்பார். இன்று அது குழாய்தான்.

"...லைன்லதான் இருக்கேன்... என்ன அண்ணி? சரியா விழல. இன்னொரு தரம் சொல்லுங்க...

"...ம்.

"...இல்ல, நான் சொல்லல. நான் சொன்னா யாரு நம்புவா? இப்ப நீங்கதான் சொன்னீங்க... ஆமா. நீங்கதான். அவருக்குக் கேட்டுச்சுன்னு."

அந்தப் பக்கம் ஃபோன் மெதுவாக வைக்கப்பட்டது.